வயசாயிடுச்சுன்னு சொல்றது ஒரு நோயோட பேரா?

டிஸ்கி: கோழிக்குழம்பு செய்முறை தேடி வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. இது முட்டை போடுறதை நிறுத்திட்ட வீட்டுக் கோழிங்களைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம், நிறைய கோபம்.

நம்ம ஊர்ல ஒரு கோழி முட்டையைக் குறைச்சா பதில் ரெடியா இருக்கும். "வயசாயிடுச்சு." கோழி நொண்டினாலும் வயசாயிடுச்சு. மூச்சு இழுத்தாலும், தோல்முட்டை போட்டாலும் அதே பதில்தான். பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொல்றாங்க, கறிக்கடை பாயும் அதைத்தான் சொல்றார், சில சமயம் படிச்சுட்டு பட்டம் வாங்கின மருத்துவரும் அதைத்தான் சொல்றார். அடுத்த ஞாயித்துக்கிழமை கோழி குழம்புச் சட்டிக்குள்ள போயிடும். கேஸ் குளோஸ்.

பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்ங்கிற முறையில ஒரு கேள்வி. ஆபீஸ்ல ஒரே நாள்ல நாலு சர்வர் படுத்துடுச்சுன்னு வைங்க. "பழைய மெஷின் சார், வயசாயிடுச்சு"ன்னு மெயில் போட்டா மேனேஜர் விடுவாரா? லாக் எங்க, நேத்து என்ன மாத்தினே, எப்ப இருந்து இப்படின்னு உயிரை எடுத்துட மாட்டாரா? மெஷினுக்கு இருக்கிற மரியாதை உசுரோட இருக்கிற கோழிக்குக் கிடையாதா?

கோழி வயசாகவே ஆகாதுன்னு நான் சொல்ல வரல. வயசு ஒரு காரணம்தான். ஆனா அது என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைப் பார்க்காம எல்லாத்தையும் வயசு மேல தூக்கிப் போடுறது சோம்பேறித்தனம். எங்க ஊர் மாதிரி இடத்துல அது வெறும் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, ஆபத்தும் கூட. ஏன்னு பின்னாடி வர்றேன்.

முதல்ல ஊரைப் பத்தி

காத்திவாக்கம். சென்ட்ரல்லேர்ந்து கும்மிடிப்பூண்டி ரயில்ல ஏறினா விம்கோ நகர் தாண்டி, எண்ணூருக்கு முன்னாடி வர்ற ஸ்டேஷன். தனி நகராட்சியா இருந்ததை 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. ஆனா அந்த விஷயத்தைக் கோழிங்களுக்கு யாரும் சொல்லல போல, இன்னமும் கிராமத்துல இருக்கிற நினைப்புலதான் தெருவை மேயுதுங்க :-)

ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், வடக்கால கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம். சுத்தி உர ஆலை, அனல்மின் நிலையம், துறைமுகம், லாரி. இதுக்கு நடுவுல வீட்டுக்கு நாலஞ்சு கோழி. மீன் கழுவின தண்ணியையும் நொய்யையும் தின்னுட்டு மண்ணைக் கிளறிக்கிட்டுத் திரியும். எங்க வீட்டுல இப்ப நாலு. மூத்தவ கருப்பிக்கு அஞ்சு வயசு நடக்குது.

வயசு என்ன பண்ணும்?

முதல்ல ஒரு கட்டுக்கதையை உடைச்சுடுவோம். "கோழி வயித்துல இத்தனை முட்டைன்னு இருக்கும், போட்டு முடிச்சதும் தீர்ந்துடும்"னு சொல்வாங்க. இல்லீங்க. குஞ்சா பொரியும்போதே பெட்டையோட சினைப்பையில லட்சக்கணக்கான கருமுட்டை இருக்கு. அது வாழ்நாள் முழுக்கப் போடுறது சில நூறுதான். சரக்கு தீர்றது இல்ல. ஒவ்வொண்ணா வளர்த்து வெளிய அனுப்புற வேகம்தான் குறையுது.

அந்த வேகம் குறையறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் வருஷம்தான் உச்சம். அதுக்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் பத்துலேர்ந்து இருபது சதவீதம் வரைக்கும் குறையும். படியில இறங்குற மாதிரிதான் இறங்கும். மாடியிலேர்ந்து குதிக்காது.

முட்டை பெருசாகும், ஓடு மெலிசாகும். ஒரு முட்டை ஓட்டுல ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும். வயசான கோழி பெரிய முட்டை போடுது, ஆனா ஓட்டுக்குக் குடுக்கிற கால்சியம் கூடுறதில்ல. அதே மாவுல பெரிய தோசை ஊத்தினா மெலிசாத்தானே வரும்.

இறகு உதிர்க்கிற காலம் நீளும். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகைக் கொட்டிட்டுப் புதுசு முளைக்கும். அந்த ரெண்டு மூணு மாசம் முட்டை வராது. அது நோய் கிடையாது, லீவு.

அப்புறம் கூவுற பெட்டை. "பொட்டைக் கோழி கூவி பொழுது விடியுமா"ன்னு பழமொழி சொல்லியே எத்தனை கோழியை அபசகுனம்னு அறுத்திருப்போம்! பெட்டைக்கு இடது பக்க சினைப்பை ஒண்ணுதான் வேலை செய்யும். வலது பக்கம் வளராம மூலையில கிடக்கும். வயசாலயோ நோயாலயோ இடது பக்கம் படுத்துட்டா, சில கோழியில வலது பக்கம் கிடந்தது முழிச்சுக்கிட்டு ஆண் ஹார்மோனைச் சுரக்கும். கொண்டை பெருசாகும், கூவவும் கூவும். இதுல சகுனம் எங்க இருந்து வந்துச்சு?

அவ்வளவுதான் வயசோட வேலை. எங்க கருப்பி இந்த வருஷம் போட்ட முட்டையை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா கண்ணு தெளிவா இருக்கு, கொண்டை செவப்பா இருக்கு, தீனிக்கு முதல் ஆளா ஓடி வருது. வயசான கோழின்னா அது இப்படித்தான் இருக்கும். சீக்குப் புடிச்ச கோழி இப்படி இருக்காது. பராமரிப்பு இருந்தா வீட்டுக் கோழி அஞ்சாறு வருஷம் சாதாரணமா இருக்கும். 2023-ல அமெரிக்காவோட மிச்சிகன்ல 20 வயசு தாண்டின ஒரு கோழிக்கு கின்னஸ் சான்றிதழே குடுத்தாங்க!

வயசு என்ன பண்ணாது?

இதை பிரிண்ட் எடுத்து கூட்டுல ஒட்டிக்கோங்க.

1. எல்லாக் கோழியும் ஒரே வாரத்துல முட்டையை நிறுத்தினா அது வயசு இல்ல. ஒரு வயசுக் கோழிக்கும் நாலு வயசுக் கோழிக்கும் ஒரே நாள்ல வயசாகுமா? தீனி, தண்ணி, வெயில், இல்லைன்னா தொத்து நோய்.

2. பச்சையாவோ வெள்ளையாவோ கழிஞ்சு, கழுத்தைத் திருகிக்கிட்டு நின்னா அது வெள்ளைக்கழிச்சல். இங்கிலீஷ்காரன் நியூகாசில்ம்பான், நம்ம நாட்டுல ராணிக்கெட்ம்பாங்க. ரெண்டுமே ஊர்ப் பேர்தான். இதுக்குத் தடுப்பூசி இருக்கு. கால்நடைத் துறை வழக்கமா பிப்ரவரி வாக்குல முகாம் போட்டுக் குடுக்கும். கிராமத்துக்குத்தானேன்னு நம்ம ஏரியாக்காரங்க கேக்கிறதே இல்ல. கேளுங்க.

3. மூக்குல சளி, மூச்சுல கர்ர் சத்தம். வயசானா கோழிக்குக் குறட்டை வராதுங்க. அது மூச்சுக்குழல் நோய். அதுல ஒரு வகை வந்து போனா அப்புறம் கோணல் மாணலாத்தான் முட்டை வரும்.

4. ஒரு வயசுக் கோழி தோல்முட்டை போட்டா கால்சியம் பத்தல. முட்டை போடுற கோழிக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம் வரைக்கும் வேணும். நாம போடுறது நொய்யும் மிச்ச சோறும். அரிசியில கால்சியம் எங்க இருக்கு? கடலோரத்துல குடியிருந்துக்கிட்டு ஒரு பிடி கிளிஞ்சலை இடிச்சு வைக்க வலிக்குதா?

5. வயிறு தண்ணிப் பை மாதிரி தொங்கி, வாலைத் தாழ்த்திக்கிட்டு பென்குவின் மாதிரி நின்னா உள்ள முட்டை மாட்டியிருக்கலாம், மஞ்சக்கரு வயித்துக்குள்ள கொட்டி சீழ் புடிச்சிருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். பெட்டைக் கோழிக்கு சினைப்பைப் புத்துநோய் தானாவே வரும். பொம்பளைங்களுக்கு வர்ற அதே நோயை ஆராய விஞ்ஞானிகள் கோழியை வெச்சுப் படிக்கிறதே அதனாலதான். வயசான கோழிக்கு இது வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். அப்பவும் அதுக்குப் பேர் நோய்தான்.

6. கால் செதில் தூக்கிக்கிட்டு சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தா அது கண்ணுக்குத் தெரியாத உண்ணி. மூணு வயசுக் கோழின்னா "வயசு"ன்னு சொல்வாங்க. மருந்து குடுத்தா தீர்ந்துடும்.

எங்க செவலை கதையையும் இங்கயே சொல்லிடறேன். மூணரை வயசு. திடீர்னு முட்டை நின்னுது, கூடவே லேசா நொண்டல். ஒரு மருத்துவர்கிட்ட கூடையில கொண்டு போனோம். கூடையோட மூடியைக்கூட அவர் திறக்கல. "வயசாயிடுச்சு, சாப்ட்ருங்க." ரெண்டே வார்த்தை. வீட்டுக்கு வந்து காலைத் திருப்பிப் பார்த்தா உள்ளங்கால்ல கறுப்பா ஒரு மொட்டு, உள்ள சீழ். வேற மருத்துவர்கிட்ட போனோம். அவர் சுத்தம் பண்ணி, கட்டுப் போட்டு, மருந்து குடுத்து, மரக்கட்டையில முள்ளு முள்ளா இருந்த இடத்தை இழைக்கச் சொன்னார். கால் வலியில அது தீனிக்கே ஒழுங்கா போகாம இருந்திருக்கு, முட்டைக் கூடைக்கு ஏறவும் முடியல. காலு ஆறினதும் வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு மறுபடி போட ஆரம்பிச்சுது. வயசு அப்படியேதான் இருந்துச்சு. மாறினது காலு.

இணையத்துல சுட்ட அறிவுரை

இன்னொரு கோஷ்டி இருக்கு. வெள்ளைக்காரன் பக்கத்தை அப்படியே மொழிபெயர்த்துப் போடுறவங்க. "குளிர்காலத்துல பகல் குறையும், கோழிக்கு லைட் போடுங்க." எந்த ஊர்ல ராசா? லண்டன்ல ஜூன்ல பதினாறரை மணி நேரம் பகல், டிசம்பர்ல எட்டு மணி நேரம்கூட இல்ல. அங்க அது நியாயம். சென்னையில ஜூன்ல கிட்டத்தட்ட பன்னெண்டே முக்கால், டிசம்பர்ல பதினொண்ணேகால். வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான்.

நம்ம கோழிக்கு எதிரி குளிர் இல்ல, மே மாசம். கோழிக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து இளைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கும். அப்படி இளைக்கும்போது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். ஓடு செய்யறதுக்கு வேண்டிய கார்பனேட்டே அங்கேர்ந்துதான் வரணும். அதான் வெயில்ல ஓடு மெலியுது, தீனி குறையுது, முட்டை நிக்குது. இதுக்குத் தேவை தகரக் கூரை மேல ஒரு ஓலைக் கீத்தும், நிழல்ல வெச்ச தண்ணியும். லைட்டு இல்ல.

அதே மாதிரி நாமக்கல் பண்ணைக் கணக்கை வீட்டுக் கோழிக்குப் போடுறதும் தப்பு. பண்ணை லேயர் வருஷத்துக்கு முன்னூறு முட்டை போடும், ஒன்றரை வருஷத்துலயோ கொஞ்சம் தள்ளியோ கழிச்சுடுவாங்க. அது அவங்க வியாபாரம். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது எண்பது போட்டாலே பெரிசு. பத்துப் பன்னெண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும், 21 நாள் அடைகாக்கும், அப்புறம் ரெண்டு மாசம் குஞ்சைக் கூட்டிக்கிட்டுத் திரியும். அத்தனை நாளும் முட்டை கிடையாது. இது தெரியாம "முதலீட்டுக்கு வருமானம் வரல"ன்னு எக்ஸெல் ஷீட் காட்டுற ஆபீஸ் நண்பர்களே, பிரசவ விடுப்பையும் நட்டக் கணக்குல எழுதுவீங்களோ?

இப்ப ஆபத்துக்கு வருவோம்

எங்க தெருவுல வயசானவங்க இருமினா என்ன சொல்றாங்க தெரியுமா? "வயசாயிடுச்சு." ஆயாவுக்கு மூச்சு இரைக்குதுன்னு போனா "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்." வாழ்நாள் பூரா எங்க இருந்தீங்க, வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. கோழிக்குச் சொல்ற பதிலும் ஆயாவுக்குச் சொல்ற பதிலும் ஒண்ணா இருக்கேன்னு யோசிச்சதுலதான் இந்தப் பதிவே.

இந்த ஊர் என்னென்ன பார்த்திருக்கு? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல ஆரம்பிச்சு 2017-ல மூடுற வரைக்கும் நிலக்கரி எரிச்சுது. வட சென்னை அனல்மின் நிலையத்தோட சாம்பல் தண்ணி குழாய் உடைஞ்சு ஆத்துல கலந்த கதை தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. 2023 டிசம்பர் மாசம் மிக்ஜாம் வெள்ளத்தோட மணலிப் பக்கத்துலேர்ந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிஞ்சுது, வலையும் படகும் கறுத்துப் போச்சு. அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில அம்மோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துல எழுந்து ஓடினாங்க, பலரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க.

இந்த மண்ணைத்தான் கோழி நாள் பூரா கொத்துது. தீனியோட மண்ணும் உள்ள போகும். மண்ணுல ஈயம் இருந்தா கோழிக்கும் போகும், முட்டைக்கும் வரும். இது என் கற்பனை இல்ல. ஆஸ்திரேலியாவுல சிட்னி நகரத்து வீட்டுக் கோழி முட்டைகளைச் சோதிச்சு 2022-ல வெளியிட்டாங்க. கடையில விக்கிற முட்டையைவிட வீட்டு முட்டையில ஈயம் சராசரியா நாப்பது மடங்குக்கும் மேல! கூண்டுக் கோழி மண்ணையே பார்க்காது, வீட்டுக் கோழி மண்ணுலயே வாழும், அதான் வித்தியாசம். கோழி பார்க்க ஜம்முனு இருந்துக்கிட்டே முட்டையில ஈயத்தை அனுப்பலாம்ங்கிறதுதான் இதுல பயங்கரம். அந்த முட்டையை நாம முதல்ல யாருக்குக் குடுக்கிறோம்? "நாட்டுக்கோழி முட்டை, உடம்புக்கு நல்லது"ன்னு குழந்தைக்கு.

உடனே "அப்ப என் கோழி முட்டை போடாததுக்கு சாம்பல்தான் காரணம்"னு பின்னூட்டம் போடாதீங்க. அதுவும் அதே சோம்பேறித்தனம்தான். வயசுக்குப் பதிலா சாம்பல்னு போட்டுட்டா கேஸ் இன்னொரு தடவை குளோஸ், அவ்வளவுதான். பார்க்காம சொல்ற எந்தக் காரணமும் காரணம் இல்ல. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: பாருங்க, எழுதி வைங்க, அப்புறம் சொல்லுங்க.

"கோழிக்குப் போயி இவ்வளவு பில்டப்பா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். கோழியை அறுக்காதேன்னு நான் சொல்லல. எங்க வீட்டுலயும் அறுப்போம், சாப்பிடுவோம். ஆனா என்ன நோய்னு தெரியாத கோழியை "வயசானது"ன்னு அறுத்துச் சாப்பிடுறது புத்திசாலித்தனமா? சீக்குக் கோழியை சட்டியில போட்டுட்டா கூட்டுல மிச்சம் இருக்கிற மூணுக்கும் அது என்ன விட்டுட்டுப் போச்சுன்னு எப்பத் தெரியும்?

கோழி வெச்சிருக்கிறது பெரும்பாலும் நம்ம வீட்டுப் பொம்பளைங்க. முட்டைக் காசு அவங்க கைக்காசு. கோழி போச்சுன்னா அந்த நஷ்டம் எந்தக் கணக்குலயும் வராது. அதனாலயே அது யாருக்கும் பெருசாத் தெரியல.

என்ன பண்ணலாம்?

ஒரு ரூபா செலவில்லாம செய்யக்கூடியது: பழைய காலண்டர் ஒண்ணை எடுத்து கூட்டுப் பக்கம் மாட்டுங்க. எந்தக் கோழி எந்தத் தேதி முட்டை போட்டுச்சு, எப்ப அடைக்கு உட்கார்ந்துச்சு, எப்ப இறகு கொட்டுச்சுன்னு குறிச்சு வைங்க. படி இறங்குதா, மாடியிலேர்ந்து குதிக்குதான்னு ஆறே மாசத்துல தெரிஞ்சுடும். நம்ம பாஷையில சொன்னா, லாக் இல்லாம டீபக் பண்ண முடியாது.

வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணையும் கையில தூக்குங்க. நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கா, வயிறு கல்லு மாதிரி இருக்கா, உள்ளங்கால் சுத்தமா, இறகுக்கு அடியில பேன் ஊருதா? அஞ்சு நிமிஷ வேலை. கூட்டுக்குள்ள குனிஞ்சு மோந்து பாருங்க. கண்ணு எரிஞ்சா அது எச்சத்துலேர்ந்து வர்ற அம்மோனியா. அதுக்கு எந்த ஆலையும் பொறுப்பு இல்ல, நாமதான் கூட்டணும்.

மருத்துவர்கிட்ட போனா தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. தொடாம "வயசு"ன்னா கூடையைத் தூக்கிக்கிட்டு அடுத்தவர்கிட்ட போங்க. வேப்பேரியில 1903-லேர்ந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு ஒரு ரயில் தூரம். மாதவரத்துல பல்கலைக்கழகமே இருக்கு. நம்ம வரிப்பணம்தான், கூச்சப்படாம போங்க. நாலஞ்சு கோழி ஒரே நேரத்துல பொத்து பொத்துன்னு செத்தா மட்டும் கையால தொடாதீங்க, கறிக்கடைக்கும் அனுப்பாதீங்க, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்க. பறவைக் காய்ச்சல் விளையாட்டு இல்ல.

கடைசியா ஊருக்காகக் கேக்க வேண்டியது. மீனைச் சோதிக்கச் சொல்றோம், காத்தைச் சோதிக்கச் சொல்றோம். காத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையையும் அது மேயுற மண்ணையும் சோதிச்சு, முடிவைத் தமிழ்ல, வீடு வீடா குடுக்கச் சொல்லிக் கேப்போம். அதுவரைக்கும் கோழியைத் தெருவோர சாம்பல் மண்ணுல மேய விடாம, வேற நல்ல மண்ணு கொட்டின மூலையில மேய விடுறது நம்ம கையில இருக்கு. தீனியையும் தரையில இறைக்காம தட்டுல வைங்க.

எங்க காலண்டர்ல ஆறு மாசக் கணக்கு ஏறியாச்சு. உங்க வீட்டுலயோ ஊர்லயோ கோழி இருந்தா வயசு, ரகம், மாசத்துக்கு எத்தனை முட்டை, எப்ப நின்னுதுன்னு பின்னூட்டத்துல போடுங்க. தொழிற்சாலைப் பக்கம் இருக்கிறவங்க ஏரியா பேரையும் சேர்த்துப் போடுங்க. எல்லாத்தையும் ஒரே பட்டியலாக்கி அடுத்த பதிவுல போடுறேன்.

"வயசாயிடுச்சு"ன்னு மட்டும் எழுதுற பின்னூட்டம் வெளியிடப்பட மாட்டாது :-)